காக்கும் கால்களும் வழிநடத்தும் அறிவும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கம் ஒன்றின் வெள்ளி விழாவில் கால்பந்தைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். இருபத்தைந்து ஆண்டுகளாக நாம் மாலை வகுப்பு நடத்தினோம், நூல்கள் திரட்டினோம், விடுதியில் இடம் கேட்டு அலைந்தோம், கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பங்களைப் பிள்ளைகளுக்காக நிரப்பிக் கொடுத்தோம். இவை யாவும் கல்விப் பணி என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆயின், நம் பிள்ளைகள் தாமாகவே, எவர் தூண்டுதலுமின்றி, நாள்தோறும் கூடிக் கற்றுக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அது ஆடுகளம். அங்கே பெறும் அறிவை நாம் அறிவென மதித்தோமா? அவ்வறிவு ஒருவனுக்கு வாழ்நாள் முழுதும் சோறிடும் வகையை ஆராய்ந்தோமா? இவ்வினாக்களே இன்றைய உரைக்குப் பொருள்.

பென்னாகரம் வட்டாரம் மானாவாரி நிலம். நிலக்கடலை பிடுங்கிய காட்டில் இரண்டு கல்லை நட்டுக் கோல் கம்பமாக்கி, வெறுங்காலுடன் ஆடும் சிறுவர்களை நம் குடியிருப்புகளில் எங்கும் காணலாம். பதினேழு, பதினெட்டு வயதில் அவர்களுள் சிலர் உண்மையிலேயே தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஆகின்றனர். பின்பு என்ன நிகழ்கிறது? மழை பொய்த்த ஆண்டில் ஒருவன் பெங்களூர்க் கட்டட வேலைக்குச் செல்கிறான். மற்றொருவன் திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்குச் செல்கிறான். முப்பது வயதில் முழங்கால் தேய்ந்து ஊர் திரும்புகையில், அவன் முன்னொரு காலத்தில் நன்றாக ஆடினான் என்ற பேச்சு மட்டும் எஞ்சுகிறது. பந்து நின்ற அன்றே பதினைந்து ஆண்டு அனுபவமும் நின்றுபோகிறது. இது தனியொருவனின் இழப்பு மட்டுமன்று. நம் சமுதாயத்தின் முதல் கரைந்துபோவதாகும். இம்முதலை எவ்வாறு காப்பது என்பதற்குப் பின்கள வீரர்கள் சிலரின் வாழ்க்கையே நமக்கு விடை தருகிறது.

பின்கள வீரரின் பார்வை

கால்பந்தில் கோல் அடிப்பவன் பெயரையே கூட்டம் கூவுகிறது. நம் பிள்ளைகள் 'பேக்' என்று அழைக்கும் பின்கள வீரனை எவரும் தோளில் சுமப்பதில்லை. அவன் நூறு முறை காத்தாலும் அது கடமை. ஒரு முறை தவறினால் அது குற்றம். எனினும், களம் முழுவதும் அவன் கண்முன் விரிந்து கிடக்கிறது. முன்கள வீரன் எதிரியின் கோலை நோக்கி ஓடுகையில் தன் அணியின் பெரும்பகுதி அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பின்கள வீரனுக்கோ தன் அணியினர் பத்துப் பேருள் பெரும்பாலோரின் நடமாட்டமும் தெரியும். யார் களைத்தார், யார் இடம் மாறி நிற்கிறார், எங்கே வெற்றிடம் திறக்கிறது என்பதை அவன் முன்கூட்டியே அறிந்து குரல் கொடுக்க வேண்டும். குரல் கொடுக்காத பின்கள வீரன் பாதி வீரனே ஆவான்.

1925-ஆம் ஆண்டு 'ஆஃப்சைடு' விதி மாற்றப்பட்டது. அதற்கு முன் தாக்குபவனுக்கும் கோல் கோட்டிற்கும் இடையே எதிரணியினர் மூவர் இருத்தல் வேண்டும். அவ்வாண்டு முதல் இருவர் போதும் என்றாயிற்று. கோல்கள் மலிந்தன. அதனைத் தடுக்க நடுவில் ஆடிய வீரனைப் பின்னுக்கு இழுத்து மூன்றாம் பின்கள வீரனாக நிறுத்தும் முறை தோன்றியது. ஒரு விதி மாறினால் அணியின் அமைப்பே மாறவேண்டும் என்பதைப் பின்களத்தில் நின்றவர்கள் தம் உடம்பால் உணர்ந்தனர். விதியை அறிதல், இடத்தை அளத்தல், பிறரை ஒழுங்குபடுத்தல், பழியைத் தாங்குதல் ஆகிய நான்கும் பின்கள வீரனின் நாள்முறைப் பயிற்சி. இந்நான்கும் பயிற்சியாளருக்கும் நிருவாகிக்கும் வேண்டிய பண்புகளே அன்றோ?

சைலேன் மன்னா

இந்திய நாட்டில் இதற்கு முதற்சான்று சைலேன் மன்னா. 1924-இல் பிறந்த வங்காளியான இவர், 1942 முதல் 1960 வரை கொல்கத்தாவின் மோகன் பாகன் கழகம் ஒன்றிற்கே ஆடிய இடப்புறப் பின்கள வீரர். விடுதலை பெற்ற இந்தியா முதன்முறையாகக் கலந்துகொண்ட 1948-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில், பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடிய நம் அணியில் இவரும் இருந்தார். பிரான்சிடம் 1-2 என்ற கணக்கில் இந்தியா தோற்ற அவ்வாட்டத்தில் கிடைத்த இரண்டு பெனால்டி வாய்ப்புகளும் வீணாயின. அவற்றுள் ஒன்று மன்னாவின் காலிலிருந்து சென்றது.

அத்துடன் அவர் ஒதுங்கிவிடவில்லை, ஒதுக்கப்படவும் இல்லை. மூன்றாண்டுகள் கழித்து, 1951-இல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவரே இந்திய அணியின் தலைவர். இறுதியாட்டத்தில் ஈரானை 1-0 என வென்று இந்தியா தங்கம் பெற்றது. மறு ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்ற பெருந்தோல்வி. அதன் பின்னரே காலணி அணிந்து ஆடுதல் இந்நாட்டில் கட்டாயமாயிற்று. வெற்றியும் வீழ்ச்சியும் ஒருவரின் தலைமையிலேயே நேர்ந்தன. இரண்டையும் அவர் தாங்கினார்.

மன்னா ஆட்டத்தால் செல்வர் ஆனவர் அல்லர். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் அவர்க்கு வேலை இருந்தது. அதுவே குடும்பத்தைக் காத்தது. ஆட்டம் ஓய்ந்த பின் தம் கழகத்தின் நிருவாகப் பொறுப்பிலும் அவர் பணியாற்றினார். 1971-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 2012-இல் மறைந்தார். அவர் வாழ்வில் நாம் கருதத்தக்கவை இரண்டு. வயிற்றுக்கு ஒரு வேலை இருந்தமையால் ஆட்டத்தை அவர் விற்கவேண்டியதாயிற்றில்லை. கழகத்தின் உள்ளே அவர்க்கு ஓர் இடம் இருந்தமையால் அவர் அனுபவம் வீணாயிற்றில்லை.

ஜர்னைல் சிங்கும் நயீமுத்தீனும்

இரண்டாம் சான்று ஜர்னைல் சிங். நாட்டுப் பிரிவினையில் பிறந்த மண்ணை இழந்து பஞ்சாபின் இப்பகுதிக்கு ஏதிலியாக வந்த சிறுவர் அவர். மோகன் பாகனின் நடுப் பின்களத்தில் மலைபோல் நின்றார். 1962-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் தலையில் காயம்பட்டுத் தையல் போடப்பட்டது. காயத்தோடு பின்களத்தில் ஆடுவது இடர் என்று கண்ட பயிற்சியாளர் ரகீம், அவரை முன்களத்தில் நிறுத்தினார். தென்கொரியாவை 2-1 என வென்ற இறுதியாட்டத்தில் ஒரு கோல் ஜர்னைலுடையது; மற்றொன்று பி. கே. பானர்ஜியுடையது. அன்று இந்தியாவின் கோலைக் காத்து நின்றவர் தமிழரான பீட்டர் தங்கராஜ் என்பது நாம் மகிழ்ந்து நினைவுகூரத்தக்கது.

ஜர்னைல் பின்னர்ப் பஞ்சாப் மாநில அணியின் பயிற்சியாளரானார். 1974-ஆம் ஆண்டு சந்தோஷ் கோப்பை இறுதியாட்டத்தில் அவ்வணி வங்காளத்தை 6-0 என வீழ்த்தியது. பின்களத்தில் வாழ்ந்த ஒருவர் வளர்த்த அணி ஆறு கோல் அடித்தது என்பதனை எண்ணிப் பாருங்கள். காக்கத் தெரிந்தவர்க்கே தாக்கும் இடமும் தெரிகிறது. மாநில அரசின் விளையாட்டுத் துறையில் அலுவலராகப் பணியாற்றிய அவர், பிற்காலத்தில் அத்துறையின் இயக்குநராகவும் உயர்ந்தார்.

மூன்றாம் சான்று ஐதராபாத்தைச் சேர்ந்த சையது நயீமுத்தீன். 1970-இல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம் வென்ற இந்திய அணியின் தலைவர் இப்பின்கள வீரரே. பின்னர் அவர் கொல்கத்தாவின் பெருங்கழகங்களுக்கும், டாக்காவின் பிரதர்ஸ் யூனியன் கழகத்திற்கும், இந்திய அணிக்கும் பயிற்சியாளராக இருந்தார். பயிற்சியாளர்க்குரிய துரோணாச்சாரியார் விருது 1990-இல் அவரை அடைந்தது. ஆட்டக்காரர்க்குரிய அர்ஜுனா விருதோ ஏழாண்டுகள் கழித்து, 1997-இல் தான் கிட்டியது. ஆடிய காலத்து உழைப்பை உலகம் மறந்திருக்கவும், கற்பித்த உழைப்பு முதலில் கண்ணிற்பட்டது. கற்பித்தலின் பெருமைக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அயல்நாட்டிலும் இவ்வழி காணப்படுகிறது. 1974-இல் உலகக் கோப்பை வென்ற மேற்கு ஜெர்மனி அணியின் தலைவராகப் பின்களத்தில் ஆடிய பிரான்ஸ் பெக்கன்பவர், 1990-இல் அதே நாட்டின் அணியை வழிநடத்திக் கோப்பையை மீண்டும் வென்றார். 1994 முதல் 2009 வரை பேயர்ன் முனிச் கழகத்தின் தலைவராக விளங்கினார். ஆட்டம், பயிற்சி, நிருவாகம் ஆகிய மூன்று படிகளிலும் ஏறியவர் அவர். 1984-இல் தேசிய அணிப் பொறுப்பை ஏற்றபோது அவரிடம் பயிற்சியாளர் உரிமம் இல்லை. ஆகவே வேறொரு பதவிப் பெயர் சூட்டி அவரை அமர்த்தினர். அத்தகைய சலுகை பெக்கன்பவர்க்குக் கிடைக்கும். நம் குடியிருப்பிலிருந்து செல்பவனுக்குக் கிடைக்காது. அவன் கையில் சான்றிதழ் இருந்தே தீரவேண்டும்.

ஆடுவோர் பலர், ஆள்வோர் சிலர்

இங்கே நாம் ஒரு கசப்பான உண்மையைப் பேசாமல் கடக்க இயலாது. ஒடுக்கப்பட்டவனின் உடல் வலிமையை உலகம் எளிதில் ஏற்றுக்கொள்கிறது. அவன் ஓடுவதைக் கண்டு கைதட்டுகிறது. ஆனால் அவன் சிந்திப்பதையும், ஆணையிடுவதையும், கணக்கு எழுதுவதையும் ஏற்றுக்கொள்ளத் தயங்குகிறது.

கிரிக்கெட் வரலாற்றில் பல்வங்கர் பாலுவின் கதையை நம் பெரியோர் அறிவர். புனே நகரில் ஆங்கிலேயரின் ஆடுகளத்தைப் பேணும் கூலியாளாக இருந்து பந்துவீச்சாளராக உயர்ந்த தாழ்த்தப்பட்ட சமுதாயத்தவர் அவர். 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக 114 விக்கெட்டுகள் வீழ்த்தினார். இந்து அணி அவர் பந்துவீச்சால் வென்றது. ஆட்ட இடைவேளையிலோ அவர்க்குத் தேநீர் தனிக்குவளையில் தரப்பட்டது. அணித் தலைமை இறுதிவரை அவர்க்குத் தரப்படவில்லை. அவர் தம்பி விட்டல் 1923-இல் அவ்வணியின் தலைவர் ஆனார். அண்ணனுக்கு மறுக்கப்பட்டதைத் தம்பி அடைய ஒரு தலைமுறையின் உழைப்பும் விவாதமும் தேவைப்பட்டன.

இங்கிலாந்தின் கால்பந்திலும் இதன் சாயலைக் காணலாம். அங்கே கறுப்பின ஆட்டக்காரர்கள் ஏராளம். கறுப்பினப் பயிற்சியாளர்களோ மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் கிறிஸ் ஹியூட்டன். கானா நாட்டுத் தந்தைக்கும் அயர்லாந்துத் தாய்க்கும் லண்டனில் பிறந்தவர். டாட்டன்ஹாம் கழகத்தின் பின்கள வீரர். இளமையில் மின்தூக்கிப் பொறிவேலை பயின்று முடித்த தொழிலாளி. கழகத்தில் தொழில்முறை ஆட்டம் கைகூடிய போதும் கைத்தொழிலை அவர் பாதியில் விடவில்லை. ஆடி முடித்த பின் அதே கழகத்தில் பல ஆண்டுகள் துணைப் பயிற்சியாளராக இருந்தார். பின்னர் நியூகாசில் அணியை 2010-இலும், பிரைட்டன் அணியை 2017-இலும் முதல் நிலை லீக்கிற்கு உயர்த்தினார். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் துணைநிலையில் காத்திருந்தே அவர் அவ்விடத்தை அடைந்தார். அமெரிக்காவில் அந்நாட்டுத் தொழில்முறைக் கால்பந்து லீக், தலைமைப் பயிற்சியாளர் பதவிக்குச் சிறுபான்மை இனத்தவர் ஒருவரையேனும் நேர்காணலுக்கு அழைத்தல் வேண்டும் என்று 2003-இல் விதி வகுத்தது. தகுதி இருந்தும் கதவு திறவாத இடங்களில் விதியே கதவைத் திறக்கவேண்டியுள்ளது என்பதற்கு அது சான்று. இடஒதுக்கீட்டின் நியாயத்தை அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

ஆகவே, நம் பிள்ளைகளை ஆட்டக்காரராக்குவதோடு நம் கடமை முடிந்துவிடாது. பயிற்சியாளர், நடுவர், செயலர், பொருளாளர், தேர்வுக்குழு உறுப்பினர் என்ற நாற்காலிகளிலும் அவர்கள் அமர்தல் வேண்டும். யார் ஆடுவது என்று முடிவு செய்யும் இடத்தில் நம்மவர் ஒருவரும் இல்லையெனில், நம்மவர் ஆடுவதும் பிறர் தயவில்தான் நிற்கும்.

கற்பிக்கக் கற்றல்

நன்றாக ஆடியவன் நல்ல பயிற்சியாளன் ஆகிவிடுவான் என்று எண்ணுதல் தவறு. காலுக்குத் தெரிந்ததை வாயால் சொல்வது தனிக்கலை. 1962-இல் தங்கம் வென்ற அணியின் பயிற்சியாளர் சையது அப்துல் ரகீம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1951, 1962 ஆகிய இரு ஆசிய விளையாட்டுத் தங்கங்களும், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கின் நான்காம் இடமும் அவர் காலத்தில் கிட்டியவை. ஆட்டக்காரராக அன்றி ஆசிரியராகவே அவர் சிறந்தார். வகுப்பறையில் பாடத்தைப் பகுத்துச் சொல்லும் முறையே களத்திலும் அவர்க்குக் கைகொடுத்தது.

பின்கள வீரர் பயிற்சியாளராகும்போது தம்முள் சில மாற்றங்களைச் செய்துகொள்ள வேண்டும். ஆட்டக்காலத்தில் கோட்டைத் தாண்டி வருபவனைத் தடுப்பதே அவர் வேலை. பயிற்சியாளரான பின், கற்பவனின் துணிவைத் தடுத்தலாகாது. ஆட்டக்காலத்தில் ஒரு தவறு தோல்வியைத் தந்தது. பயிற்சிக் களத்தில் தவறு செய்யச் சிறுவனுக்கு இடம் தரவேண்டும். தாம் வாங்கிய வசவையும் அடியையும் அடுத்த தலைமுறைக்குக் கடத்துதல் அறவே கூடாது. வீட்டில் உண்ட பின் வந்தானா, பசியோடு வந்தானா என்று கேட்ட பிறகே ஓடச் சொல்லவேண்டும். நம் மாவட்டத்தில் இன்னொன்றும் உண்டு. இங்குள்ள நிலத்தடி நீரில் பல இடங்களில் புளூரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் அது பல்லையும் எலும்பையும் நாளடைவில் கெடுக்கும். 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இக்கேட்டை நீக்கவே வந்தது. எந்தக் குழாயில் காவிரி நீர் வருகிறது, எது ஆழ்துளைக் கிணற்று நீர் என்று அறிந்து பிள்ளைகளுக்குக் குடிநீர் வைப்பதும் இவ்வூரில் பயிற்சியாளரின் வேலையே.

முறைப்படி கற்கும் வழிகளும் உள்ளன. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தொடக்கநிலை உரிமங்களில் ஒன்று 'டி' உரிமம். அதன் மேல் 'சி', 'பி', 'ஏ' எனவும், முடிவில் 'புரோ' எனவும் படிகள் உயர்கின்றன. 1961-இல் பாட்டியாலாவில் தொடங்கப்பெற்ற தேசிய விளையாட்டு நிறுவனம் பயிற்சியாளர்க்கெனப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. தமிழ்நாட்டில் உடற்கல்விக்கும் விளையாட்டிற்கும் எனத் தனிப் பல்கலைக்கழகமே உள்ளது. ஆயின் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவனுக்கு இவற்றுள் பல கதவுகள் மூடியே இருக்கும். ஆட்டத்திற்காகப் படிப்பை விட்டவன் ஆட்டத்திலேயே மேலே செல்ல இயலாமற் போகிறான். கல்விச் சங்கம் கால்பந்தில் தலையிட வேண்டியதன் காரணம் இதுவே.

கணக்கேடும் கழகமும்

இனி நிருவாகம். 2018-19-ஆம் ஆண்டு ஐ-லீக் கோப்பையைக் கோயம்புத்தூரைத் தாய்க்களமாகக் கொண்ட சென்னை சிட்டி கழகம் வென்றது. தமிழ்நாடே மகிழ்ந்தது. 2021-22-ஆம் ஆண்டு லீக்கில் அக்கழகமே இல்லை. கோப்பை வெல்வது வேறு. நிலைத்து நிற்பது வேறு. அதே 2018-19-இல் மதுரையின் சேது கழகம் இந்திய மகளிர் லீக்கை வென்றது. தமிழ்நாட்டு மகளிர் அணி 2017-18, 2022-23 ஆகிய ஆண்டுகளில் தேசிய வாகையர் பட்டம் பெற்றது. இவற்றைச் சொல்வதன் நோக்கம், நம் பெண்மக்களும் இவ்வுரையின் எல்லைக்குள் அடங்குவர் என்பதை வலியுறுத்தவே.

சிற்றூர்க் கழகம் ஒன்றிற்கு வேண்டுவன யாவை? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்கீழ் ஏழு பேர் சேர்ந்து ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். உறுப்பினர் பதிவேடு, கூட்ட நடவடிக்கைக் குறிப்பேடு, வரவு செலவுக் கணக்கு, ஆண்டுப் பொதுக்கூட்டம் ஆகியன வேண்டும். இவை நம் சங்கத்தார்க்குப் புதியன அல்ல. இருபத்தைந்து ஆண்டுகளாக நாம் செய்து வருவன. ஆட்டக்காரர்க்கோ இவை புதியன. நாம் கற்றதை அவர்களுக்குக் கற்பிப்பதில் பெருஞ்செலவு ஏதுமில்லை.

பதிவேட்டின் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். உலகக் கால்பந்துக் கூட்டமைப்பின் விதிப்படி, தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் ஒப்பந்தக் காலத்திற்குள் ஒரு நாட்டுக் கழகத்திலிருந்து மற்றொரு நாட்டுக் கழகத்திற்கு விலைத்தொகையுடன் மாறும்போது, அத்தொகையில் 5 விழுக்காடு அவரைப் பன்னிரண்டு முதல் இருபத்துமூன்று வயது வரை பயிற்றுவித்த கழகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட வேண்டும். அதற்கு அச்சிறுவன் எந்தெந்த ஆண்டு எந்தக் கழகத்தில் பதிவாகியிருந்தான் என்னும் சான்று தேவை. நம் பிள்ளைகளுள் ஒருவன் அவ்வளவு தொலைவு செல்வான் என்று இன்று எவரும் உறுதி கூற இயலாது. சென்றால், அவனை வளர்த்த மண்ணிற்கு வரவேண்டிய பங்கு ஒரு நோட்டுப் புத்தகம் இல்லாமையால் இழக்கப்படலாகாது. எழுதாதவன் உரிமை எழுதியவன் கைக்குப் போகும் என்பதை நில ஆவணங்களில் நம் முன்னோர் பட்டு அறிந்தனர். ஆடுகளத்திலும் அதே பாடத்தை மீண்டும் படிக்க வேண்டியதில்லை.

களத்தின் உரிமையும் நிருவாகத்தின் பாற்பட்டதே. ஊரின் பொது இடத்தில் நம் பிள்ளைகள் ஆடலாமா என்ற கேள்வி எழுந்த ஊர்கள் உண்டு. கூச்சலால் அக்கேள்வி தீராது. பள்ளி மைதானத்தை மாலை நேரத்தில் பயன்படுத்தத் தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் ஒப்புதல் பெறுதல், ஊராட்சிக்கு மனு அளித்தல், மாவட்ட விளையாட்டு அலுவலரைக் காணுதல் ஆகியன அதைத் தீர்க்கும் வழிகள். கலப்பு அணி அமைத்தலும் அவ்வழிகளுள் ஒன்று. பல சமுதாயத்துப் பிள்ளைகளும் ஓரணியில் நின்று ஒருவன் விட்ட இடத்தை மற்றவன் காக்கும்போது, கற்பிக்கப்பட்ட வேற்றுமை சிறிது சிறிதாகத் தளரும்.

சங்கத்தின் முன் வைக்கும் வேண்டுகோள்கள்

இருபத்தாறாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இச்சங்கத்தின் முன் ஐந்து வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது, ஆடி ஓய்ந்த நம் இளைஞர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றைக் குடியிருப்பு வாரியாகத் தயாரித்தல் வேண்டும். பெங்களூரிலும் திருப்பூரிலும் உள்ளோரையும் அதில் சேர்த்தல் வேண்டும்.

இரண்டாவது, அவர்களுள் படிப்பு நின்றவர்களைத் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எழுதவைக்க மாலை வகுப்பில் இடம் தரல் வேண்டும்.

மூன்றாவது, ஆண்டுதோறும் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் பயிற்சியாளர் உரிமப் பயிற்சிக்கு அனுப்பும் செலவைச் சங்கம் ஏற்றல் வேண்டும். திரும்பி வந்தபின் ஈராண்டுகள் ஞாயிறுதோறும் இங்குள்ள சிறுவர்களுக்குக் கற்பிப்பதாக அவர்கள் உறுதி தருதல் வேண்டும்.

நான்காவது, நடுவர் தேர்வுக்கும் சிலரை ஆயத்தப்படுத்துதல் வேண்டும். விதிநூலைத் தமிழில் விளக்கும் வகுப்பை நம் ஆசிரியர்கள் நடத்தலாம்.

ஐந்தாவது, பதிவு செய்யப்பெற்ற கழகம் ஒன்றைத் தொடங்கி, அதன் கணக்கை ஆண்டுதோறும் பொதுக்கூட்டத்தில் படித்தல் வேண்டும். பொருளாளர் பொறுப்பில் முன்னாள் ஆட்டக்காரர் ஒருவரை அமர்த்திக் கணக்கெழுதப் பழக்குதல் வேண்டும்.

இவ்வளவும் செய்தால் எல்லாரும் பெரும் ஆட்டக்காரர் ஆகிவிடுவர் என்று பொய்யாசை காட்ட நாம் வரவில்லை. ஆடுவோர் ஆயிரவர்; அதனால் பிழைப்போர் சிலரே. ஆகவேதான் பாடநூலை ஒரு கையிலும் பந்தை மறு கையிலும் தரச் சொல்கின்றோம். 1948-இல் லண்டனில் இந்திய அணிக்குத் தலைமை ஏற்ற தாலிமெரன் ஆவ் என்பவரை மாணவர்கள் அறிந்துகொள்ளுங்கள். நாகர் மலையில் பிறந்த பழங்குடி மகன். மோகன் பாகனின் நடுக்களத் தற்காப்பு வீரர். அப்போதே மருத்துவ மாணவர். ஒலிம்பிக் அணிவகுப்பில் விடுதலை பெற்ற இந்தியாவின் கொடியை ஏந்திச் சென்ற அவர், ஊர் திரும்பிப் படிப்பை முடித்து மருத்துவரானார். பின்னாளில் நாகாலாந்தின் சுகாதாரத் துறை இயக்குநராகப் பணியாற்றினார். ஆட்டமும் கல்வியும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அவர் வாழ்வே போதும்.

மன்னாவுக்கு வேலையும் கழகமும் இருந்தன. ஜர்னைலுக்கு அரசுப் பணி இருந்தது. ஹியூட்டனுக்குக் கைத்தொழிலும் பொறுமையும் இருந்தன. ஆவ் அவர்களுக்கு மருத்துவப் படிப்பு இருந்தது. பென்னாகரத்துப் பின்கள வீரனுக்கு என்ன இருக்கிறது என்று எவரேனும் கேட்டால், அவனுக்கு ஒரு கல்விச் சங்கம் இருக்கிறது என்று விடை கூறும் நிலை வரவேண்டும். அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மேற்சொன்ன பட்டியல் படிக்கப்படுமாயின், இவ்வெள்ளி விழா பயனுற நடந்தது என்று கொள்வோம்.